பனிச்சறுக்கு மலைப்பயணம்: கருவித் தேர்வும் பாதுகாப்பும்

பனிச்சறுக்கு மலைப்பயணம் என்பது, பனி மூடிய மலையில் ரோப்கார் போன்ற தூக்கிகளின் உதவியின்றிச் சறுக்குக்கட்டைகளை அணிந்தபடியே நடந்து ஏறி, பின்னர் அதே கட்டைகளில் சறுக்கி இறங்கும் குளிர்கால மலைப்பயணம் ஆகும். இது 'ஸ்கி டூரிங்' என்று பரவலாக அறியப்படுகிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடர் அமைந்துள்ள சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளில் இது பெருவழக்காக உள்ளது. இக்கட்டுரை சுவிட்சர்லாந்தில் பின்பற்றப்படும் நடைமுறைகளை அடிப்படையாகக் கொண்டு, இப்பயணத்திற்கான கருவிகளை எவ்வாறு தேர்வது, பனிச்சரிவு முதலிய ஆபத்துகளிலிருந்து எவ்வாறு காத்துக்கொள்வது என்பவற்றை விளக்குகிறது.

இப்பயணத்தில் கருவிகள் இருவகைப்படும். ஏறவும் இறங்கவும் உதவுபவை ஒரு வகை. விபத்து நேர்ந்த பின் உயிரைக் காக்க உதவுபவை மற்றொரு வகை. இரண்டாம் வகைக் கருவிகள் எவ்வளவு விலை உயர்ந்தவையாக இருந்தாலும், பனிச்சரிவு நிகழாமல் தடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எந்த மலைச்சாய்வில் எந்த நாளில் கால் வைப்பது என்னும் முடிவே முதல் பாதுகாப்பு. கருவிகள் அதற்கு அடுத்த நிலையில் வருகின்றன.

செப்பனிட்ட தடமும் திறந்த மலையும்

பனிச்சறுக்கு விடுதிகளில் உள்ள தடங்கள் இயந்திரங்களால் சமன் செய்யப்பட்டவை. அவற்றின் ஓரங்களில் அடையாளக் கம்பங்கள் நடப்பட்டிருக்கும். மேலே பனிச்சரிவு ஆபத்து இருந்தால், பணியாளர்கள் வெடிவைத்து அப்பனியை முன்கூட்டியே சரியவிடுவர். அல்லது தடத்தை மூடிவிடுவர். மாலையில் கடைசி ஆள் இறங்கிவிட்டாரா என்று பார்ப்பதும் அவர்களது பணியே.

தடத்தை விட்டு விலகிய திறந்த மலையில் இவற்றுள் எதுவும் கிடையாது. பனியைச் சோதித்தவர் இல்லை. பாறையையும் பிளவையும் சுட்டும் பலகை இல்லை. எவரேனும் விழுந்தால் உடனே ஓடிவரும் காவலர் இல்லை. செப்பனிட்ட தடத்திலிருந்து பத்து மீட்டர் விலகினாலும் இந்நிலை பொருந்தும். தடத்தில் திறமையாகச் சறுக்குபவர் திறந்த மலைக்கும் தகுதி பெற்றுவிட்டார் என்று கருத இயலாது. அங்குத் தேவைப்படுவது பனியைப் பற்றிய வேறொரு அறிவு.

வரலாறு

சறுக்குக்கட்டையின் அடியில் விலங்குத் தோலைக் கட்டி ஏறும் முறை வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் பழங்காலம் முதல் வழக்கில் இருந்தது. ஆல்ப்ஸில் பனிச்சறுக்குப் பயணம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், 1894-இல் உள்ளூர்க்காரர்களான பிரான்கர் சகோதரர்களுடன் டாவோஸிலிருந்து ஆரோசாவுக்குக் கணவாய் வழியாகச் சறுக்குக்கட்டையில் சென்றார். 1897-இல் வில்ஹெல்ம் பால்க்கே என்பவரும் தோழர்களும் பெர்ன் மாநில உயர்மலைப் பகுதியைச் சறுக்குக்கட்டைகளில் கடந்தனர்.

பனியை அறிவியல் முறையில் ஆராயும் பணி 1936-இல் டாவோஸ் நகருக்கு மேலுள்ள வைஸ்ஃபுளுயோக் என்னுமிடத்தில் தொடங்கியது. இன்று சுவிஸ் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமாக விளங்குவது அதன் தொடர்ச்சியே. புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் வானொலிக் கருவியை 1968-இல் அமெரிக்காவில் ஜான் லாட்டன் உருவாக்கினார். 1980-களில் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்த்தெல், எடை குறைந்த ஊசிமுனைப் பிணைப்பை வடிவமைத்தார். இன்றைய பயணிகளில் பெரும்பாலோர் பயன்படுத்துவது இவ்வகைப் பிணைப்பையே.

பயணக் கருவிகள்

ஏறும்போது எடை குறைந்த கருவி நல்லது. இறங்கும்போது கனமும் உறுதியும் உள்ள கருவி நல்லது. இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரண்படுபவை. கருவித் தேர்வு என்பது இவற்றுக்கு இடையே ஒரு சமநிலை காண்பதே ஆகும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை தூக்கி வைக்கப்படும் பாதத்தில் கூடும் ஒவ்வொரு 100 கிராமும் மாலையில் களைப்பாக வெளிப்படும். அதே சமயம், மிக மெலிந்த கட்டை கரடுமுரடான பனியில் நடுங்கும். களைத்த கால்களால் அதை அடக்குவது கடினம்.

சறுக்குக்கட்டை: பொதுப் பயணத்திற்கு, காலணிக்கு அடியில் ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டை ஏற்றது. அகலமான கட்டை ஆழ்ந்த மென்பனியில் மிதக்கும். ஆனால் இறுகிய பனியில் குறுக்காக ஏறும்போது ஓரம் பிடிக்காமல் வழுக்கும். தொடக்க நிலையினர் தங்கள் உயரத்தைவிடச் சற்றுக் குறைந்த நீளமுள்ள கட்டையைத் தேர்ந்தால், மேலேறும் வளைவுகளில் திரும்புவது எளிதாகும்.

ஏறுபட்டை: கட்டையின் அடியில் ஒட்டப்படும் இப்பட்டை 'ஸ்கின்' எனப்படுகிறது. முற்காலத்தில் கடல்நாய்த் தோலால் ஆனது. இன்று நைலான், அங்கோரா ஆட்டு முடியான மொஹேர், அல்லது இரண்டும் கலந்த இழையால் செய்யப்படுகிறது. இதன் முடி ஒரே திசையில் படுத்திருக்கும். முன்னே தள்ளினால் நழுவும்; பின்னே நழுவ முயன்றால் முடி நிமிர்ந்து பனியைப் பற்றும். மொஹேர் நன்கு வழுகும். நைலான் நீண்ட நாள் உழைக்கும். பட்டை கட்டையின் அடிப்பரப்பை மூட வேண்டும். இருபுறத்து எஃகு விளிம்புகளை மட்டும் மூடக்கூடாது. ஈரமும் பனித்துகளும் பட்டால் பசை வேலை செய்யாது. எனவே கடுங்குளிரில் கழற்றிய பட்டையை மேலங்கிக்குள் வைத்துக்கொள்வது வழக்கம்.

பிணைப்பு: காலணியைக் கட்டையோடு இணைக்கும் உறுப்பு இது. ஊசிமுனைப் பிணைப்பில், காலணியின் முன்பக்கத்தில் உள்ள இரு குழிகளில் இரு உலோக முனைகள் பொருந்தும். ஏறும்போது குதிகால் விடுபட்டிருக்கும். இறங்கும்போது அதுவும் பூட்டப்படும். விழும்போது பிணைப்பு தானே விடுபட்டால்தான் காலெலும்பும் முழங்காலும் தப்பும். விடுபடும் விசையைப் பயணியின் எடை, காலணியின் நீளம், திறன் ஆகியவற்றைப் பொறுத்துக் கடையிலுள்ள தொழில்நுட்பர் சரிசெய்து தர வேண்டும். முன்பக்கப் பிணைப்பை இறுகப் பூட்டும் நெம்புகோல் ஏறுவதற்கு மட்டுமே உரியது. அதைப் பூட்டியபடியே இறங்கினால், விழும்போது கட்டை விடுபடாது.

காலணி: எல்லாக் கருவிகளிலும் முதலில் வாங்க வேண்டியது இதுவே. மற்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம். பொருந்தாத காலணியோ ஒரு மணி நேரத்தில் கொப்புளத்தை உண்டாக்கிப் பயணத்தைக் கெடுத்துவிடும். பயணக் காலணியில் 'நடை', 'சறுக்கல்' என இரு நிலைகள் உண்டு. நடை நிலையில் கணுக்கால் முன்னும் பின்னும் தாராளமாக அசைய வேண்டும். பயணத்தில் அணியும் காலுறையுடனேயே கடையில் அணிந்து, சற்று நேரம் நடந்து பார்த்து வாங்குவது நல்லது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரத்தில் அளவு பார்ப்பது பொருத்தம்.

உடையும் பையும்: ஏறும்போது உடல் வியர்க்கும், சிகரத்தில் நின்றதும் அவ்வியர்வையே உடலைக் குளிரச் செய்யும். ஆகவே தடித்த ஒரே அங்கியைவிட, கழற்றவும் அணியவும் ஏற்ற மெல்லிய அடுக்குகளே சிறந்தவை. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. இரு இணைக் கையுறைகள், குளிர்க்கண்ணாடி, வெயில் தைலம், தலைக்கவசம், தலைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள், அவசரகாலத்தில் உள்ளே புகுந்துகொள்ளும் காப்புறை, தண்ணீர், உணவு ஆகியவை பையில் இருக்க வேண்டும். சிறு ஸ்பானர் தொகுப்பும் ஒட்டுநாடாவும் பலமுறை பயணத்தைக் காப்பாற்றும். உறைந்து இறுகிய சாய்வுகளுக்குக் கட்டையில் மாட்டும் இரும்புப் பற்கள் தேவைப்படும்.

உயிர்காப்புக் கருவிகள்

டிரான்சீவர், துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தாக வேண்டியவை. இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டின் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

டிரான்சீவர் என்பது 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாது சமிக்ஞை அனுப்பும் சிறு வானொலிக் கருவி. எல்லா நிறுவனங்களின் கருவிகளும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் ஒன்றையொன்று கண்டறியும். ஒருவர் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் 'தேடல்' நிலைக்கு மாற்றி அச்சமிக்ஞையைப் பின்தொடர்வர். வாங்கும்போது மூன்று அலைவாங்கிகள் உள்ளதும், பலர் புதைந்திருந்தால் கண்டுபிடித்தவரைக் குறித்து ஒதுக்கும் வசதி உள்ளதும் தேர்வு செய்யப்பட வேண்டும். ஒற்றை அலைவாங்கி கொண்ட பழைய கருவிகளைக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காக வாங்குவது தகாது. கருவியைப் பையில் வைக்காமல், மேலங்கிக்கு அடியில் உடலோடு கட்டிக்கொள்ள வேண்டும். பனிச்சரிவு பையைப் பறித்துச் செல்லக்கூடும். கைப்பேசி போன்ற மின்னணுப் பொருள்கள் அனுப்பும் நிலையில் குறைந்தது 20 சென்டிமீட்டர், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

துழாவுகோல் என்பது மடித்து வைக்கக்கூடிய உலோகக் கழி. குறைந்தது 240 சென்டிமீட்டர் நீளம் தேவை. டிரான்சீவர் தோராயமான இடத்தைக் காட்டும்; துழாவுகோல் மட்டுமே ஆள் இருக்கும் சரியான புள்ளியையும் ஆழத்தையும் உறுதி செய்யும்.

மண்வாரியின் தகடு அலுமினியத்தால் ஆனதாக இருக்க வேண்டும். சரிந்து நின்ற பனி சிமெண்டைப் போல இறுகிவிடும். பிளாஸ்டிக் தகடு அதில் உடையும். ஒரு மீட்டர் ஆழத்தில் புதைந்த ஒருவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேற்பட்ட பனியை அள்ள நேரிடும் என்பதை நினைத்தால், நீளும் கைப்பிடி கொண்ட மண்வாரியின் அருமை விளங்கும்.

காற்றுப்பை இவற்றுக்கு மேலதிகமான கருவி. முதுகுப்பையில் உள்ள கைப்பிடியை இழுத்ததும் பெரிய பை ஊதிக்கொள்ளும். அரிசியும் நிலக்கடலையும் கலந்த பாத்திரத்தைக் குலுக்கினால் கடலை மேலே வருவதுபோல, ஓடும் பனியில் பருமன் கூடிய பொருள் மேற்பரப்பை நாடும். கடுமையான பனிச்சரிவில் சிக்கியோரின் இறப்பு வாய்ப்பை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் மரத்திலோ பாறையிலோ மோதுவதிலிருந்தும், பள்ளத்தில் பனி குவிந்து மூடுவதிலிருந்தும் இது காக்காது.

பனிச்சரிவு உண்டாகும் விதம்

பனி ஒரே நாளில் விழுவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. சில அடுக்குகள் இறுகிப் பலகை போலாகும். சில அடுக்குகள் சீனியைப் போலத் தனித்தனிப் பளிங்குத் துகள்களாக, ஒட்டும் தன்மையின்றி இருக்கும். சீனி போன்ற அடுக்கின் மேல் பலகை போன்ற அடுக்கு அமைந்து, அதன்மேல் ஒருவரின் எடை ஏறும்போது அடியடுக்கு நொறுங்குகிறது. அந்நொறுங்கல் நொடிப்பொழுதில் பக்கவாட்டில் பரவ, பெரும் பனிப்பலகை முழுவதும் ஒரே சமயத்தில் கழன்று ஓடுகிறது. மக்கள் உயிரிழக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இந்தப் பலகை வகையைச் சேர்ந்தவையே.

இவ்வாறு சரிவதற்குப் பொதுவாக 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வு தேவை. அபாயகரமான பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் நிகழ்கின்றன. சறுக்குவதற்கு மிக இன்பமான சாய்வுகளும் இவையே என்பதில்தான் இவ்விளையாட்டின் சிக்கல் அடங்கியுள்ளது. தான் நிற்கும் இடம் சமமாக இருந்தாலும், மேலே செங்குத்தான சாய்வு இருந்தால் ஆபத்து நீங்குவதில்லை.

ஐரோப்பியப் பனிச்சரிவு எச்சரிக்கைச் சேவைகள் ஆபத்தின் தன்மையை ஐந்து வகையாகப் பிரிக்கின்றன: புதுப்பனி, காற்றடித்துச் சேர்த்த பனி, நீண்ட காலம் நிலைக்கும் வலுவற்ற அடுக்கு, ஈரப்பனி, தரையோடு வழுகும் பனி. இவற்றுள் வலுவற்ற பழைய அடுக்கே ஏமாற்றுவதில் முதன்மையானது. மேலே பார்க்க எந்த அடையாளமும் தெரியாது. வெயில் படாத வடக்குச் சாய்வுகளில் இது வாரக்கணக்கில் நீடிக்கும்.

பனிச்சரிவில் சிக்கியோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேரின் நிலையில், அச்சரிவைத் தூண்டியவர் அவரோ அவரது குழுவினரோதான். பனிச்சரிவு எங்கிருந்தோ வந்து விழும் விதி அன்று. அவரவர் எடுக்கும் முடிவோடு தொடர்புடைய ஒன்று. ஆகவேதான் அதைத் தவிர்க்கவும் இயல்கிறது.

அறிக்கையைப் படித்தல்

சுவிஸ் ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இது கிடைக்கும். 1993 முதல் ஐரோப்பா முழுவதும் ஆபத்து ஐந்து நிலைகளாகக் குறிக்கப்படுகிறது: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம்.

ஐந்தில் மூன்று என்றதும், தேர்வில் நூற்றுக்கு அறுபது மதிப்பெண் போல இதை 'நடுத்தரம்' என்று எடுத்துக்கொள்வது பரவலான பிழை. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஆபத்து சம அளவில் கூடுவதில்லை, மடங்குகளாகப் பெருகுகிறது. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு இறப்புகளில் ஏறத்தாழப் பாதி 3-ஆம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில் நேர்கின்றன. 4, 5 ஆகிய நிலைகளில் பலரும் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர்; 3-இல் துணிந்து புறப்படுகின்றனர்.

எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. எந்த உயரத்திற்கு மேல், எந்தத் திசை நோக்கிய சாய்வுகளில், எவ்வகை ஆபத்து என்பதையும் அறிக்கை கூறும். அதுவே வழியைத் தேர்வதற்கு மிகவும் பயன்படும் பகுதி.

சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்ட்டர் 1990-களில் வகுத்த முறையின் எளிய வடிவம் தொடக்க நிலையினருக்கு ஏற்றது. 2-ஆம் நிலையில் 40 பாகைக்குக் குறைந்த சாய்வுகளிலும், 3-ஆம் நிலையில் 35 பாகைக்குக் குறைந்தவற்றிலும், 4-ஆம் நிலையில் 30 பாகைக்குக் குறைந்தவற்றிலும் மட்டுமே செல்வது என்பது அவ்விதி. சாய்வு என்பது அதன் மிகச் செங்குத்தான பகுதியைக் கொண்டே அளக்கப்படும். 3-ஆம் நிலையில் நடக்கும் பாதையை மட்டுமன்றி முழுச் சாய்வையும், 4-ஆம் நிலையில் சரிந்த பனி வந்து நிற்கும் அடிவாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புறப்படும் முன் திட்டமிடல்

சுவிஸ் நில அளவைத் துறையின் வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளை நிறமிட்டுக் காட்டும் வசதி உண்டு. முந்தின நாள் மாலையில் அதன்மேல் பயணப் பாதையை வரைந்து, ஐயத்திற்குரிய இடங்களைக் குறித்துக்கொள்வது முதல் வேலை. அவ்விடங்களை அடையும்போது என்ன நிலை இருந்தால் தொடர்வது, என்ன நிலை இருந்தால் திரும்புவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும். களைப்பும் ஆசையும் கூடிய மலைமேல் எடுக்கும் முடிவைவிட, மேசைமுன் எடுக்கும் முடிவு தெளிவானது.

நேரத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறலாம். அல்லது 4 கிலோமீட்டர் தூரம் செல்லலாம் என்று கொள்ளப்படும். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, பெரியதுடன் சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். 1,200 மீட்டர் உயரமும் 4 கிலோமீட்டர் தூரமும் உள்ள பயணத்தில், உயரத்திற்கு 3 மணி, தூரத்திற்கு 1 மணி. ஆக மூன்றரை மணி நேரம். ஓய்வு நேரம் இதில் சேராது. இளவேனிற்காலத்தில் வெயில் ஏறியதும் பனி நனைந்து தளரும். ஆதலால் விடியுமுன் புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்கிவிடுவது அக்கால வழக்கம்.

பாதை காட்டு விலங்குகளுக்கான அமைதிப் பகுதிகளைக் கடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் உணவு அரிதாக உள்ள விலங்குகள் அஞ்சி ஓடினால் சேமித்த ஆற்றலை இழந்து இறக்க நேரிடும். சுவிட்சர்லாந்தில் இவற்றுள் பல, சட்டப்படி நுழைவு தடுக்கப்பட்டவை. எங்குச் செல்கின்றனர், எப்போது திரும்புவர் என்பதைக் கீழே உள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

மலைமேல் கவனிக்க வேண்டியவை

புறப்படும் இடத்திலேயே குழுவினர் அனைவரின் டிரான்சீவர்களும் அனுப்புகின்றனவா என்று ஒருவர் நின்று, மற்றவர் ஒவ்வொருவராகக் கடந்து செல்லச் சோதிக்கப்படும். ஒரு நிமிடத்தில் முடியும் இச்சோதனையைத் தவிர்ப்பதற்கு எக்காரணமும் ஏற்கத்தக்கதன்று.

அபாயத்தை அறிவிக்கும் குறிகள் சில உண்டு. அருகில் அண்மையில் நிகழ்ந்த பனிச்சரிவு, காலடியில் 'வும்' என்று அமுங்கும் ஓசை, கட்டையிலிருந்து ஓடும் விரிசல், பலத்த காற்று, திடீர் வெப்பம் ஆகியவை அவை. குளிரும் காற்றும் சேர்ந்த சாதகமற்ற சூழலில் 10 முதல் 20 சென்டிமீட்டர் புதுப்பனியே அபாய அளவை எட்டிவிடும். அமுங்கும் ஓசை கேட்டால், அடியடுக்கு நொறுங்கிவிட்டது என்றே பொருள். அங்கிருந்து தட்டையான நிலத்திற்குத் திரும்புவதே உரிய செயல்.

ஏறும்போது ஒருவருக்கொருவர் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி விடுவர். செங்குத்தான சாய்வில் ஒவ்வொருவராக இறங்கி, பாதுகாப்பான இடத்தில் மற்றவருக்காகக் காத்திருப்பர். இதனால் சாய்வின் மேல் எடை குறைகிறது. சரிந்தாலும் ஒருவர் மட்டுமே சிக்குவார். மீட்க மற்றவர்கள் இருப்பார்கள். ஐயத்திற்குரிய சாய்வைக் கடக்குமுன் ஊன்றுகோல்களின் மணிக்கட்டு வளையங்களைக் கழற்றிவிட வேண்டும். கையில் கட்டிய கோல் ஓடும் பனியில் நங்கூரம் போல ஆளை அடியில் இழுக்கும்.

மனம் செய்யும் பிழைகள்

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்காமன், தம் நாட்டுப் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, பயிற்சி பெற்றவர்களும் சில மனப்பழக்கங்களால் ஏமாறுவதைச் சுட்டிக்காட்டினார். பழகிய மலை என்பதால் கவனம் தளர்வது ஒன்று. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்' என்று திரும்ப மறுப்பது மற்றொன்று. குழுவில் அனுபவமுள்ளவர் ஒருவர் இருந்தால், அவர் வாய் திறக்காதவரை எல்லாம் சரி என்று மற்றவர்கள் எண்ணுவதும், புதுப்பனியில் முதல் தடம் பதிக்க மற்றக் குழுக்களுடன் போட்டியிடுவதும் இவற்றோடு சேர்ந்தவை.

சாய்வில் முன்பே தடங்கள் இருப்பதும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. வலுவற்ற அடுக்கு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. மேலுள்ள பனி மெலிந்த இடத்தில் கால் பட்டால் மட்டுமே அது நொறுங்கும். ஒன்பது பேர் கடந்த சாய்வு பத்தாமவரின் கீழ்ச் சரிந்த நிகழ்வுகள் உண்டு. இதனால்தான் நல்ல குழுக்களில், வயதிலோ அனுபவத்திலோ மிக இளையவர் 'எனக்கு அச்சமாக உள்ளது' என்று சொன்னாலும் எல்லோரும் திரும்புவது என்னும் உடன்பாடு முன்கூட்டியே செய்துகொள்ளப்படுகிறது.

ஒருவர் புதைந்துவிட்டால்

முழுவதும் புதைந்தவரை ஏறத்தாழ 10 நிமிடத்திற்குள் வெளியே எடுத்தால், பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அதன்பின் மூச்சுத்திணறலால் வாய்ப்பு வேகமாகச் சரிந்து, அரை மணி நேரத்திற்குள் மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. ஹெலிகாப்டர் எவ்வளவு விரைவாகப் புறப்பட்டாலும் அந்த முதல் 10 நிமிடத்திற்குள் வந்து சேர்வது அரிது. ஆகவே புதைந்தவரின் உயிர் அருகில் நிற்கும் தோழர்களின் கையில்தான் உள்ளது.

மீட்பின் வரிசை பின்வருமாறு:

1. ஆள் கடைசியாகத் தென்பட்ட இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளல். மேலும் சரிவு வருமா என்று பார்த்துவிட்டே உள்ளே நுழைதல்.
2. உதவிக்கு அழைத்தல். சுவிட்சர்லாந்தில் ரேகா வான்மீட்புச் சேவையின் எண் 1414. ஐரோப்பிய அவசர எண் 112. ஒருவர் மட்டுமே எஞ்சியிருந்து, உடனே தொடர்பு கிடைக்காவிட்டால் முதலில் தேடலைத் தொடங்க வேண்டும்.
3. அனைவரும் டிரான்சீவரைத் தேடல் நிலைக்கு மாற்றுதல். ஒருவர் மறந்து அனுப்பும் நிலையிலேயே இருந்தால், மற்றவர்கள் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள்.
4. கண்ணாலும் காதாலும் தேடியபடி சமிக்ஞையைப் பின்தொடர்தல். எண் குறையக் குறைய வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனிப்பரப்போடு ஒட்டி நகர்த்தல்.
5. எண் மிகக் குறைந்த இடத்திலிருந்து சுருள் வடிவில், 25 சென்டிமீட்டர் இடைவெளியில் துழாவுதல். ஆள் தட்டுப்பட்டதும் துழாவுகோலை உருவாமல் அங்கேயே விட்டுவிடுதல்.
6. கோலுக்கு நேர் மேலே தோண்டாமல், சாய்வின் கீழ்ப்புறத்திலிருந்து ஆளை நோக்கித் தோண்டுதல். ஒருவர் வெட்ட, பின்னிற்பவர்கள் பனியைப் பின்னே தள்ளுவர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னிற்பவர் மாறுவார்.
7. முதலில் முகத்தையும் மார்பையும் விடுவித்து மூச்சுக்குழலைச் சுத்தம் செய்தல். மூச்சு இல்லையெனில் உடனே உயிர்மீட்பு முதலுதவி தொடங்கல். பின்னர் குளிரிலிருந்து காத்தல்.

நூலில் படித்து மட்டும் இதைச் செய்துவிட முடியாது. நண்பரைத் தேடும் பதற்றத்தில் கை நடுங்கும்; பழகிய கை மட்டுமே அப்போதும் வேலை செய்யும். எனவே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், ஒரு டிரான்சீவரைப் பையில் இட்டுப் புதைத்து, கடிகாரம் வைத்துத் தேடிப் பழகுவது குழுக்களின் வழக்கம்.

பனியாறுகளும் புயலும்

உயரமான பயணங்களில் பனிச்சரிவு மட்டுமே ஆபத்து அன்று. பனியாற்றில் உள்ள பிளவுகளைப் புதுப்பனி மூடி மறைத்திருக்கும். அங்கு இடுப்புப்பட்டை, கயிறு, பனித்திருகு ஆகியவையும், பிளவில் விழுந்தவரைத் தூக்கும் பயிற்சியும் தேவை. பிரான்சின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை, மலைக்குடில்களில் தங்கிச் செல்லும் 'ஓட் ரூட்' என்னும் புகழ்பெற்ற பயணம் இவ்வகையைச் சேர்ந்தது.

2018 ஏப்ரல் இறுதியில் இவ்வழியில் பீன்யெ தாரோலா மலைப்பகுதியில் 14 பேர் புயலில் சிக்கினர். கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில் வழி தவறி, இரவு முழுவதும் திறந்தவெளியில் கழித்தனர். அவர்கள் சென்றடைய வேண்டிய வின்யெட் குடில் சில நூறு மீட்டர் தொலைவில்தான் இருந்தது. அவர்களில் 7 பேர் உயிரிழந்தனர். அன்று அங்குப் பனிச்சரிவு எதுவும் நிகழவில்லை. பெரும்பாலோரைக் கொன்றவை காற்றும் குளிருமே. புயல் வரும் என்று வானிலை அறிக்கை கூறும் நாளில் குடிலை விட்டுப் புறப்படாமல் இருப்பது, பாதையைச் செயற்கைக்கோள் வழிகாட்டியில் முன்பே பதிந்து வைப்பது, கைப்பேசியை உடற்சூட்டில் வைத்து மின்கலத்தைக் காப்பது, காற்று புகாத காப்புறையைச் சுமையெனக் கருதாமல் எடுத்துச் செல்வது ஆகியவற்றின் தேவையை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கற்கும் வழி

சுவிஸ் ஆல்ப்ஸ் சங்கமும், சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டிகளும் தொடக்க நிலையினருக்கான வகுப்புகளை நடத்துகின்றனர். முதல் பருவத்தில் 1 அல்லது 2-ஆம் நிலை நாட்களில், 30 பாகைக்குக் குறைந்த சாய்வுகளில், அனுபவமுள்ளோருடன் செல்வது ஏற்றது. கட்டையையும் பிணைப்பையும் வாடகைக்கு எடுத்து, காலணியை மட்டும் வாங்கினால் செலவு பெருமளவு குறையும். மிஞ்சும் பணத்தை இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சிக்குச் செலவிடலாம். விலையுயர்ந்த கட்டை ஒருவரின் சறுக்கலை அழகாக்கும். அப்பயிற்சியோ அவருடன் வருபவர் அனைவரின் உயிருக்கும் பயன்படும்.